பதினேழாம் எண் மேப்பிள்

டாக்டர் டெல்மர் ஹாகன் நாற்பது வருஷம் டோர்சன் கிரீக் ஊராரின் பல்லைப் பிடுங்கினார். ஓய்வு பெற்ற மறுநாளே ஊராரின் தோட்டத்தைப் பிடுங்க இறங்கிவிட்டார். இரண்டு வேலைக்கும் அவர் முகத்தில் ஒரே பாவனைதான். குனிவார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், "அடடா" என்பார். அவர் "அடடா" என்று சொல்லிவிட்டால் ஏதோ ஒன்று வேரோடு வெளியே வரப்போகிறது என்று அர்த்தம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கார் வாசலில் வந்து நின்றபோது மேவிஸ் நெஸ் கலங்கிப்போனாள். மேவிஸ் அப்படி எளிதில் கலங்குகிறவள் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். விஸ்கான்சின் மாநிலத்துப் பனிக்காலத்தில், பின்னால் நாற்பது வானரங்கள் கூத்தடிக்க, ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை மேல்கண்ணாடியிலும் வைத்து ஓட்டி, ஒரு பிள்ளையின் தலையில்கூட வீக்கமில்லாமல் வீடு சேர்த்தவள். அவளே கலங்கினாள் என்றால் விஷயம் பெரிது.

விஷயம் அவளுடைய முன்தோட்டம். ஐந்து வருஷத்துக்கு முன் அங்கே மொட்டைப் புல்தரை இருந்தது. ஓய்வுபெற்ற வேகத்தில் அதை முழுக்கக் கொத்திப் போட்டுவிட்டு, அந்த மண்ணில் ஆதியிலிருந்து முளைத்துவந்த செடிகளை விதைத்தாள். முதல் வருஷம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வருஷம் வந்ததைப் பார்த்தவர்கள், பாவம், ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வருஷம்தான் ஊதாக் கூம்புப்பூக்கள் எட்டிப் பார்த்தன. இந்த ஜூலையில் கூம்புப்பூவும் கருங்கண் சூசனும் பாலெருக்கும் ஆளுயரப் புல்லும் போட்டிபோட்டு எழுந்து, தேனீக்களின் இரைச்சலில் அஞ்சல்காரர் பாட்டு முணுமுணுப்பதையே நிறுத்திவிட்டார். மேவிஸ் தினமும் காப்பிக் கோப்பையோடு அதன் நடுவே போய் நிற்பாள். தன் வாழ்க்கையில் தானாக விரும்பிச் செய்த ஒரே காரியம் இது என்று அவளுக்கு நினைப்பு.

எதிர்வீட்டுக்காரர் புகார் எழுதிப் போட்டார். நகராட்சியில் ஒரு சட்டம் உண்டு: முன்வாசலில் பத்து அங்குலத்துக்கு மேல் எது வளர்ந்தாலும் அது களை. நோட்டீஸைக் கொண்டுவந்தவன் லைல் கிரீன்டியர். ஹோ-சங்க் என்னும் பூர்வகுடி இனத்தவன். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் அவன் முன்னோர்களுடையது. இப்போது நகராட்சிப் புல்வெட்டி வண்டி மட்டும் அவன் பொறுப்பில். ஆறாம் வகுப்பு வரை மேவிஸின் பேருந்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வந்தவன்.

"வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வண்டியோட வரணும்னு எழுதியிருக்கு, மிஸ் மேவிஸ்," என்று தலையைச் சொறிந்தான்.

"டேய் லைல், நீயாடா இதை வெட்டுவ?"

"எனக்கென்ன ஆசையா? மண்ணின் செடிகள் சங்கத்துக்காரங்க ஒரு போர்டு தருவாங்களே, 'சான்றளிக்கப்பட்ட பூர்வீகத் தோட்டம்'னு. அதை நட்டுட்டீங்கன்னா சட்டப்படி நான் கையை வைக்க முடியாது. நீங்களும் அந்தச் சங்கத்துலதானே இருக்கீங்க?"

இருந்தாள். அதுதான் தொல்லை. அந்தப் போர்டுகள் டாக்டர் ஹாகனின் கார் டிக்கியில் இருந்தன. உறுப்பினரோ இல்லையோ, அவர் ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டால்தான் போர்டு.

பல் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே சங்கத்தை நிறுவியவர், நிரந்தரத் தலைவர், ஒரே நீதிபதி எல்லாம் அவர்தான். சங்கத்தின் முதல் விதி, மண்ணின் செடியில் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்பது. கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் நடை போகும்போது உறுப்பினர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு, பத்தொன்பது கிழவன் கிழவிகளை யாரோ கைது செய்து கூட்டிப்போகிறார்கள் என்றே தோன்றும். இலையை ஒடித்துப் பார்க்கும் அதிகாரம் தலைவருக்கு மட்டும் உண்டு. அதுவும் வந்தேறி என்று அவர் சந்தேகப்பட்ட செடியில் மட்டும்.

அவர் வீட்டுத் தோட்டத்தில் நின்றது நிறுவனர் மரம். சங்கம் தொடங்கிய அன்று அவர் கையால் நட்ட சர்க்கரை மேப்பிள். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் அந்த மரத்தின் விதையில் முளைத்த கன்று ஒன்றைக் காகிதக் கோப்பையில் வைத்துத் தருவார். கூடவே ஓர் அலுமினிய வில்லை. அதில் எண்ணும் "நிறுவனர் மரத்தின் பிள்ளை" என்ற வாசகமும் பல் குடையும் கருவியால் அவரே பொறித்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஐம்பத்துமூன்று கன்றுகள். ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வில்லை கட்டிய மேப்பிள் ஒன்று நிற்கும். நட்டது பட்டுப்போனால் அந்த எண்ணை அடுத்து வருகிறவருக்குக் கொடுப்பார். மேவிஸுக்குக் கிடைத்தது பதினேழு.

செவ்வாய்க்கிழமை ஆய்வு நன்றாகவே தொடங்கியது. டாக்டர் திசைகாட்டிச் செடியின் முன் நின்றார்.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"அஞ்சு, டாக்டர். இந்த வருஷம்தான் பூக்குது."

"அப்படித்தான். வேர் பத்துப் பதினஞ்சு அடி போன பிறகுதான் தலையைத் தூக்கும். மனுஷங்ககிட்ட இந்த அடக்கம் கிடையாது." மனுஷங்க என்றபோது மேவிஸை மேலும் கீழும் பார்த்தார்.

பாலெருக்கின் இலையைப் புழு கடித்த இடத்தில் பால் கசிந்துகொண்டிருந்தது. அதன் முன் தொப்பியையே கழற்றினார். பிறகு வேலி ஓரம் போனார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு மேப்பிள் நின்றது. குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார்.

"அடடா."

மேவிஸ் கிட்டே ஓடிவந்தாள். "என்ன டாக்டர்?"

"இது என்ன மரம்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

"சர்க்கரை மேப்பிள்."

"எந்த மகராசன் சொன்னான்?"

மேவிஸ் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் ஓர் இலையைப் பறித்துக் காம்பை ஒடித்துவிட்டார். ஒடித்த இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு பால் திரண்டது.

"பாருங்க. சர்க்கரை மேப்பிள்னா தண்ணி மாதிரி கசியும். பால் வந்தா அது நார்வே மேப்பிள். கப்பல்ல வந்த சனியன்! ஒண்ணை உள்ளே விட்டா ஆயிரமா பெருகும். தன் நிழல்ல ஒரு புல்லை முளைக்க விடாது. இந்த மண்ணோட சொந்தக்காரச் செடியெல்லாம் ஒதுங்கிக்கணும், இது மட்டும் கொழுக்கும்." நார்வேயிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய தன் பாட்டனாரின் படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்து, அந்நாட்டுக் கொடியை வருஷம் தவறாமல் அதன் தேசிய நாளான மே பதினேழாம் தேதி வாசலில் ஏற்றுகிற மனிதர் இதைச் சொன்னார். ஒரு கூச்சமும் இல்லை. "இது நிக்கிற தோட்டத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"டாக்டர், கொஞ்சம் கீழே பாருங்க," என்றாள் மேவிஸ்.

அடிமரத்தில் வில்லை தொங்கியது. பதினேழு. நிறுவனர் மரத்தின் பிள்ளை. பல் குடையும் கருவியின் அதே நடுங்கிய எழுத்து.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. ஓர் ஆள் தன் தப்பை ஒப்புக்கொள்ளப் போகிற நேரம் இது என்று மேவிஸ் நம்பினாள். அவ்வளவு வருஷம் பிள்ளைகளோடு பழகியவள், அந்த முகத்தைத் தப்பாகப் படித்துவிட்டாள்.

"நான் கொடுத்த கன்னு செத்துப்போச்சு," என்றார் அவர் மெதுவாக. "நீங்க எங்கேயோ ஒண்ணை வாங்கிவந்து நட்டு, என் வில்லையை அதுல கட்டிட்டீங்க."

"நானா? நான் எதுக்குக் கட்டணும்?"

"வெட்கம்தான். புரியுது எனக்கு. ஆனா சங்கத்தை ஏமாத்தினது ஏமாத்தினதுதான். வியாழக்கிழமை கூட்டத்துல இதை வாசிப்பேன். போர்டு கிடையாது, மேவிஸ். மன்னிக்கணும்."

மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு, அந்த மரத்தின் காலடியில் ஒரு சிவப்புக் கொடியையும் குத்திவிட்டுப் போனார். இத்தனை வயதில் தன்னை ஒருவன் ஏமாற்றுக்காரி என்கிறான் என்ற ஆத்திரம் மேவிஸுக்கு மண்டைக்கு ஏறியது. தோட்டம் போவது ஒரு பக்கம். அது பொய்க்காரியின் தோட்டம் என்ற பெயரோடு போவதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தபோது ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஊரிலிருக்கும் சர்க்கரை மேப்பிள் எல்லாம் அக்டோபர் தொடக்கத்தில் சிவந்து உதிர்ந்துவிடும். நிறுவனர் மரம் மட்டும் நவம்பரில் மஞ்சளாகும். அதற்கு டாக்டர் 'தாமத நிறத் தனிவகை' என்று பெயர் வைத்து நாலு பக்கத்தில் துண்டுநூல்கூடப் போட்டிருந்தார். மார்ச்சில் அதன் மரச்சாற்றை இறக்கிக் காய்ச்சிய பாகை அப்பத்தின் மேல் ஊற்றித் தருவார். சர்க்கரை கரைத்த வெந்நீர் போல இருக்கும். 'என்ன நயம்!' என்று பத்தொன்பது பேரும் தலையாட்டுவார்கள். மரத்தடியில் ஒரு பூண்டும் முளைத்ததில்லை. அதை மரத்தின் கம்பீரம் என்பார். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. ஒரே ஒரு காம்பை ஒடித்தால் தெரிந்திருக்கும். ஒடிக்கத்தான் கூடாதே. ஐந்து வருஷம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற தன்னையும் அவள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை கையை அவிழ்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். இருபத்திரண்டாம் எண்: பால். முப்பத்தொன்று: பால். நாற்பத்தாறு: பால். ஒன்பதாம் எண் சங்கச் செயலாளர் வெண்டி ஃபோஸ்ஸின் வாசலில் நின்றது. அதை ஒடிக்கும்போது வெண்டி கதவைத் திறந்துகொண்டு அலறி ஓடிவந்தாள்.

"மேவிஸ்! கை! கையைப் பின்னால கட்டு!"

மேவிஸ் காம்பை அவள் மூக்குக்கு நேரே பிடித்தாள். பால் சொட்டி வெண்டியின் செருப்பில் விழுந்தது.

வெண்டி அதைப் பார்த்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. வெயில் இறங்கவில்லை. நிறுவனர் மரத்தடியின் வெறும் மண்ணில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டாக்டரின் மனைவி ஐரின் எலுமிச்சை இனிப்புத் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கையைப் பின்னால் கட்டி நின்று விதியைச் சொல்லி முடித்ததும், டாக்டர் காகிதத்தை எடுத்தார். உறுப்பினர் மேவிஸ் நெஸ், வந்தேறி மரத்தில் சங்கத்தின் வில்லையைக் கட்டி, என்று தொடங்கி நிறுத்தாமல் வாசித்தார். எதிரே இருந்தவர்கள் மேவிஸைப் பார்க்காமல் எலுமிச்சைத் துண்டைப் பார்த்தார்கள்.

"உங்க தரப்புல ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணே ஒண்ணு," என்று எழுந்தாள் மேவிஸ். தலைக்கு மேலே தாழ்ந்திருந்த கிளையை எட்டிப் பிடித்து, நிறுவனர் மரத்தின் இலையைப் படக்கென்று பறித்தாள். 'ஐயோ' என்ற சத்தம் பத்தொன்பது வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது. ஒருத்தி மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மேவிஸ் காம்பை ஒடித்து நடு மேசையில் வைத்தாள். தாராளமாக வந்தது பால். முப்பத்தைந்து வருஷத்துப் பால்.



"சீக்கிரம் துடைங்க," என்றாள் ஐரின். "மேசைவிரிப்புல பட்டா கறை போகாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் இலை வாரிட்டு வர்ற இவர் சட்டையைத் துவைக்கிறவ நான்தானே."

டாக்டர் அவளை முறைத்தார். "உனக்குத் தெரியுமா இது?"

"பால் வரும்னு தெரியும். வரக் கூடாதுன்னு யாரு எனக்குச் சொன்னா? நான் சங்கத்துல உறுப்பினரே இல்லையே. நீங்க அந்தக் கன்னை ஆஸ்பத்திரி கார் நிறுத்தற இடத்துல இருந்துதானே பிடுங்கிட்டு வந்தீங்க? காட்டுல எடுத்ததுன்னு இவங்ககிட்ட ஏன் சொன்னீங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

இப்போது விழும் என்று மேவிஸ் காத்திருந்தாள். விழத்தான் போகிறது என்று பட்டது. ஆனால் நாற்காலிகளில் இருந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் வாசலிலும் ஒன்று நிற்கிறது. இது வந்தேறி என்றால் அதுவும் வந்தேறி. இத்தனை காலம் அடுத்தவன் வீட்டு டேலியாப் பூவைப் பார்த்து வந்தேறி என்று மூக்கைச் சுளித்ததெல்லாம் என்ன ஆவது?

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, நான் ரொம்ப நாளா சந்தேகப்பட்ட விஷயம் இன்னைக்கு நிரூபணமாயிருக்கு. தாமதமா நிறம் மாறுது. பாகு நயமா இருக்கு. இப்போ பாலும் வருது. இது பால் சுரக்கிற சர்க்கரை மேப்பிள். டோர்சன் கிரீக்குக்கே உரிய தனி வகை. உலகத்துல வேற எங்கேயும் இல்ல."

யாரோ ஒருவர் கை தட்டினார். தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள். அவ்வளவு நிம்மதியான கைதட்டலை மேவிஸ் கேட்டதே இல்லை. தீர்மானம் எழுதப்பட்டது. வெண்டி வாசித்தாள், பத்தொன்பது கைகள் உயர்ந்தன. வெண்டியின் கை எல்லாவற்றுக்கும் முன்னால் உயர்ந்தது. அந்தச் சூட்டோடு சூடாக இரண்டாவது தீர்மானமும் வந்தது: அரிய மண்ணின் மரத்தில் இலை பறித்த குற்றத்துக்காக மேவிஸ் நெஸ் சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார். அதற்கும் பத்தொன்பது கைகள்.

மேவிஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வரும்போல இருந்தது. விடிந்தால் லைலின் வண்டி வாசலில் நிற்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தவள், சட்டென்று நின்றாள். பேருந்தில் பின்வரிசைப் பயல் ஒருவன் தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளும்போது மேல்கண்ணாடியில் பார்ப்பாளே, அந்தப் பார்வையோடு திரும்பினாள்.

"வெண்டி, அந்த முதல் தீர்மானத்தை இன்னொரு தரம் படி."

வெண்டி தலைவரைப் பார்த்தாள். தலைவர் எதையும் யோசிக்காமல் தலையசைத்தார். "நிறுவனர் மரமும், அதன் விதையில் முளைத்து, வில்லை கட்டப்பட்டு, பால் சுரக்கும் அத்தனை பிள்ளை மரங்களும் மண்ணின் மரங்களே என்று..."

"போதும். என் பதினேழுல வில்லை இருக்கா, டாக்டர்?"

"...இருக்கு."

"பால் வந்துச்சா? நீங்கதானே ஒடிச்சீங்க?"

 ஐரின் ஓர் எலுமிச்சைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஆர்வமாக வேடிக்கை பார்த்தாள்.

"அப்போ என் தோட்டத்துல நீங்க கண்டுபிடிச்ச ஒரே வந்தேறி இப்போ பூர்வகுடி ஆயிடுச்சு. நீங்களே ஆக்கிட்டீங்க. உறுப்பினர் இல்லாதவங்களுக்கும் போர்டு உண்டுன்னு உங்க விதியே சொல்லுது. டிக்கியைத் திறங்க. இல்ல, அந்தத் தீர்மானம் பொய்னு எழுதிக்கொடுங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

டாக்டர் டிக்கியைத் திறந்தார். கையெழுத்துப் போடும்போது அவர் பேனா இரண்டு முறை எழுத மறுத்தது. அந்தப் பேனாவுக்கு இருந்த மானம்கூட அங்கே வேறு யாருக்கும் இல்லை என்று மேவிஸுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு லைல் வந்தான். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே போர்டைப் பார்த்துவிட்டான். இறங்கி, கிட்டே வந்து, விரலால் தொட்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். "சான்றளிக்கப்பட்ட பூர்வீகத் தோட்டம். இதன்மேல் கை வைக்கக் கூடாது."

"போதுமாடா?"

"தாராளமாப் போதும்," என்றான். பூக்களையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இப்படி ஒரு போர்டை நட்டா விட்டுடுவாங்கன்னு எங்க ஆளுங்களுக்கு அப்பவே தெரியாமப் போச்சே, மிஸ் மேவிஸ்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மேவிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய பாட்டனாரும் அதே கப்பல் கூட்டத்தில் வந்தவர்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள். வேலியோரம் போய்ப் பதினேழாம் எண் மேப்பிளின் அடியில் முதல் வெட்டைப் போட்டாள்.

"அதைத்தான் பூர்வகுடின்னு தீர்மானம் போட்டுட்டாங்கன்னு ஊரே பேசுதே," என்றான் லைல்.

"தீர்மானம் மரத்தோட காம்புக்குத் தெரியாதுடா. அந்தப் பக்கம் பிடி."

இரண்டு பேருமாகச் சுற்றிலும் தோண்டி, வேரை ஆட்டி ஆட்டி இழுத்துப் பிடுங்கினார்கள். மேவிஸ் வில்லையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். லைல் மரத்தைப் புல்வெட்டி வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு போனான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கி, ஏதோ வெட்டப்பட்டது என்ற திருப்தியோடு மூடினார். பிடுங்கிய குழியில் என்ன விதைப்பது என்று மேவிஸ் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தொலைபேசி அடித்தது.

வெண்டி. குரல் கிசுகிசுத்தது. குளியலறைக்குள் இருந்து பேசுகிறாள் போலிருந்தது.

"மேவிஸ், யார்கிட்டயும் சொல்லிடாதே. நீ அதைப் பிடுங்கிட்டியாமே. வேரோட வந்துதா? எவ்வளவு ஆழம் தோண்டணும்? என்னது பெரிசாயிடுச்சு, தனியா முடியுமான்னு தெரியல. எதால தோண்டினா நல்லது?"

"நேத்து தூக்கினியே ஒரு கை," என்றாள் மேவிஸ், "அதால தோண்டு."